காலை ஷிப்ட் நாட்களில் சகஸ்ரநாமம்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், தினமும் லலிதா சகஸ்ரநாமம் சொல்ல ஆசை, ஆனால் 1000 நாமமும் முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, காலை ஷிப்ட் என்றால் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. மனசு உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: வேலை நாளில் அபிராமி அந்தாதி நாலு பாட்டு சொல்லுங்கள் அக்கா. 100 பாட்டும் தமிழ், ஒன்று முடியும் சொல்லிலேயே அடுத்தது தொடங்குவதால் சீக்கிரம் மனப்பாடமாகும். சகஸ்ரநாமம் வெள்ளிக்கிழமைக்கு.

பதில் 2: என் அம்மா பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் உட்கார்ந்துதான் முழுதாகச் சொல்வார். மற்ற நாளில் விளக்கேற்றி ‘ஓம் சக்தி’ 108 தடவை. அவசரத்தில் நாமங்களை விழுங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேட்டவர்: சரி, நாளையிலிருந்து அந்தாதி. அப்புறம், பஸ்ஸில் மனதுக்குள் சொல்லலாமா?

பதில் 1: தாராளமாக. உதடு அசையாத மானச ஜபத்தைத்தான் பெரியவர்கள் உயர்வாகச் சொல்வார்கள்.