இசை இதழ் இரட்டைப் பக்க லே-அவுட்: கிரிட் பொருந்தவில்லை, பகுப்பாய்வும் வரவில்லை – உதவி தேவை

கேள்வி (மாணவி)

வணக்கம். ஏ லெவல் (பிரிட்டிஷ் பள்ளி மேல்நிலைத் தேர்வு) மீடியா ப்ராஜெக்ட்டுக்காக மோஜோ, கெராங்!, என்.எம்.இ. என்ற பிரிட்டிஷ் இசை இதழ்கள் மூன்றிலிருந்தும் பேட்டி வந்த இரட்டைப் பக்கம் ஒவ்வொன்று எடுத்திருக்கிறேன். ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் ரே கன் இதழிலிருந்தும் ஒன்று. சிக்கல் இரண்டு.

ஸ்கேன் படத்தின் மேல் மூன்று காலம் (column, செங்குத்துப் பத்தி) கொண்ட கிரிட், அதாவது வழிகாட்டிக் கோடுகள், போட்டால் கட்டுரை சரியாக உட்காருகிறது, வலது ஓரப் பெட்டிச் செய்தி கோட்டைத் தாண்டி நிற்கிறது. நான்கு காலம் போட்டால் பெட்டி சரி, கட்டுரை தப்பு. மி.மீ. கணக்கும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது.

இன்னொன்று, "வர்ணனைதான் இருக்கிறது, பகுப்பாய்வு இல்லை" என்று குறிப்புகள் திரும்பி வந்துவிட்டன. மாதிரிக்கு ஒரு வரி: "தலைப்பு சிவப்பில் பெரிதாக உள்ளது, கண்ணைக் கவர்கிறது." இதில் என்ன குறைகிறது?

பதில் (பக்க வடிவமைப்பாளர்)

கிரிட் தப்பில்லை. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 12 காலம் கிரிட். மூன்றாலும் நான்காலும் வகுபடும் என்பதால்தான் இதழ்களில் அதை விரும்புகிறார்கள்.

ஏ4 பக்கம் 210 மி.மீ. அகலம். உள் மார்ஜின் 18, வெளி மார்ஜின் 12 என்று வைத்தால் எழுத்துக்கு 180 மிஞ்சும். காலங்களுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி. 12 காலத்துக்கு 11 இடைவெளி, அதாவது 44. மீதி 136-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு அலகு 11.33. கட்டுரைக் காலம் நான்கு அலகும் நடுவிலுள்ள மூன்று இடைவெளியும் சேர்ந்து 57.3. பெட்டி மூன்று அலகும் இரண்டு இடைவெளியும் சேர்ந்து 42. இரண்டும் ஒரே கிரிட்டில் அமர்ந்துவிடும்.

மி.மீ. மாறுவதற்குக் காரணம் ஸ்கேன். மடிப்புப் பக்கம் காகிதம் கண்ணாடியை விட்டு எழும்பி நிற்கும், அங்குள்ள காலம் ஒடுங்கித் தெரியும். ஒட்டு பைண்டிங் இதழில் இது அதிகம், பின் அடித்த இதழில் குறைவு. ஆகவே இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து வெளிப்புறக் காலத்தை அளங்கள். பி.டி.எஃப். ஸ்கிரீன்ஷாட்டில் மி.மீ. அளப்பதில் பயனே இல்லை, ஜூம் மாறினால் எண்ணும் மாறும். பார்கோடை வைத்து அளவு பிடிக்கவும் முயல வேண்டாம். அதைச் சுருக்கியும் அச்சிடலாம்.

விகிதத்தில் கணக்கிடுங்கள். எழுத்துப் பரப்பின் முழு அகலம் 100 என்றால், மேலே சொன்ன உதாரணத்தில் மூன்று காலம் தலா 31.9, நான்கு காலம் தலா 23.3, இடைவெளி 2.2. அப்போது அளவு வேறான இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எல்லா இதழும் ஏ4 கிடையாது.

வேலை முறை: இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் போதும். ஸ்கேனை அடி லேயரில் வைத்து லாக் செய்யுங்கள், ஒளிபுகும் அளவை 50 சதவீதமாக்குங்கள். மேல் லேயரில் ஒவ்வொரு காலத்தின் இடது ஓரத்தில் மட்டும் கோடு போடுங்கள். வலது ஓரம் ஜஸ்டிஃபை செய்யப்படாவிட்டால் (ஒரே நேர்கோட்டில் நிறுத்தப்படாவிட்டால்) வரிக்கு வரி மாறும், அதை நம்பாதீர்கள். பக்க விளிம்பு வரை ஓடும் படங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை விளிம்புக்கு வெளியே 3 மி.மீ. பிளீட் (வெட்டுவதற்கான உபரி ஓரம்) வைத்து அச்சாகி வெட்டப்படுபவை, மார்ஜினுக்குக் கட்டுப்படாதவை.

எழுத்தின் பாயின்ட் அளவை ஸ்கேனில் எழுத்து உயரத்தை அளந்து சொல்ல முடியாது. ஒரே 9 பாயின்ட்டில் ஒரு ஃபான்ட் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரியும். லீடிங்கை (வரிக்கு வரி உள்ள தூரத்தை) அளக்கலாம். அச்சுப் பிரதியிலேயே ஸ்கேலை வைத்து முதல் வரியின் அடியிலிருந்து பதினோராவது வரியின் அடி வரை அளந்து பத்தால் வகுத்து 0.353-ஆல் வகுங்கள் (ஒரு பாயின்ட் 0.353 மி.மீ.). 38.8 மி.மீ. வந்தால் லீடிங் 11 பாயின்ட்.

பதில் (மீடியா ஸ்டடீஸ் ஆசிரியர்)

"கண்ணைக் கவர்கிறது" என்பது எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும், அதனால்தான் மதிப்பெண் விழாது. ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று இருக்கட்டும்: அளந்த உண்மை, அது என்ன பொருள் தருகிறது, யாருக்காக.

இப்படி எழுதிப் பாருங்கள்: "இரட்டைப் பக்கத்தில் பாதிக்கு மேல் ஒரே படம், பாடகரின் பார்வை வலப்பக்க முன்னுரை வரியை நோக்கி இருக்கிறது. வாசகரின் கண் முகத்திலிருந்து நேராக எழுத்துக்கு இறங்குகிறது. பாடகரை ஏற்கெனவே அறிந்த ரசிகருக்கான பக்கம் இது. அவர் யார் என்று பெட்டி போட்டுச் சொல்லவில்லை."

படத்தின் பங்கைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஏ4 இரட்டைப் பக்கம் 420-க்கு 297. அதன் மேல் 21 மி.மீ. சதுரங்கள் போட்டால் 20-க்கு 14, மொத்தம் 280. படம், கட்டுரை, தலைப்பு, வெற்றிடம் நான்குக்கும் தனி நிறம் கொடுத்து எண்ணுங்கள். ஒரு சதுரத்தில் இரண்டு வந்தால் எது பெரும்பகுதியோ அதற்கே கொடுங்கள். விளம்பரத்தைக் கழித்துவிடுங்கள்.

இதழ் வந்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள், பலர் விட்டுவிடும் இடம் இதுதான். 1952-இல் தொடங்கிய என்.எம்.இ. 2015 செப்டம்பரில் இலவச இதழாகி, 2018 மார்ச்சில் வார அச்சை நிறுத்தியது. கடையில் காசு கொடுத்து வாங்க வைக்க வேண்டிய இதழும் ரயில் நிலையத்தில் கையில் கிடைக்கும் இதழும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 2014 பிரதியையும் 2016 பிரதியையும் கலந்து "என்.எம்.இ. பாணி" என்று எழுதினால் முடிவு தப்பும்.

கேள்வி (மாணவி)

நன்றி டீச்சர், நன்றி அண்ணா. 12 காலம் போட்டதும் பெட்டி சரியாக உட்கார்ந்துவிட்டது! ஆனால் ரே கன் பக்கத்தில் எந்தக் கிரிட்டும் ஒட்டவில்லை. அதை விட்டுவிடலாமா?

பதில் (பக்க வடிவமைப்பாளர்)

விடாதீர்கள், உங்கள் நான்கில் அதிகம் சொல்ல வாய்ப்புள்ள பக்கம் அதுதான். 1992 முதல் 1995 வரை அதன் கலை இயக்குநர் டேவிட் கார்சன். கிரிட் தேடாமல் வேறு மூன்றைக் குறியுங்கள்: எழுத்து எங்கே படத்தின் மேல் ஏறுகிறது, எந்த வரி பாதியில் வெட்டுப்படுகிறது, அடுத்து எங்கே படிப்பது என்பதற்கு என்ன துப்பு இருக்கிறது.

1994-இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டியை முழுக்க ஸாஃப் டிங்பேட்ஸ் என்ற குறியீட்டு ஃபான்ட்டில் கார்சன் அச்சிட்டார், பேட்டி தனக்குச் சலிப்பாகப் பட்டதால். பக்கத்தில் நட்சத்திரமும் அம்பும் கைச்சின்னமும்தான் தெரியும், ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. காலம், லீடிங் எல்லாம் அளந்தாலும் அந்தப் பக்கம் என்ன செய்கிறது என்று தெரியாது.

பதில் (மீடியா ஸ்டடீஸ் ஆசிரியர்)

மோஜோவுக்கு எதிரே இதை வையுங்கள். 1993-இல் தொடங்கிய மோஜோ நீண்ட கட்டுரையை நிதானமாகப் படிக்க வரும் வாசகரை நம்பிப் பக்கம் கட்டுகிறது. ரே கன் இதழோ, பக்கத்தையே முதலில் பார்க்கச் சொல்கிறது. ஒரே காலகட்டம், இரண்டும் ராக் இசை இதழ். உங்கள் ஒப்பீட்டுப் பகுதியை இந்த ஜோடியில் தொடங்கி, கெராங்!, என்.எம்.இ. பக்கங்கள் இரண்டில் எதற்கு அருகே வருகின்றன என்று சதுர எண்ணிக்கையோடு காட்டுங்கள்.