ராபர்ட் பிளாண்டின் 'சேவிங் கிரேஸ்': குரல் தணிந்ததா, தளர்ந்ததா?

பழையகேசட்:
பாடகர் ராபர்ட் பிளாண்டின், 2025 செப்டம்பரில் வந்த 'சேவிங் கிரேஸ்' ஆல்பத்தை நான்கு முறை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பத்துப் பாட்டு. பத்தும் பிறர் எழுதியவை அல்லது பழைய நாட்டுப்பாடல்கள். பாஞ்சோ, செல்லோ, கிட்டார், கூடவே இணைந்து பாடும் சூசி டியானின் குரல். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எழுபதுகளின் ராக் குழுவான லெட் செப்பலினில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன குரல் இது. இப்போது சில பாட்டில் முன்னுக்கே வராமல் பின்னால் நின்று சுருதி சேர்க்கிறது. எனக்கு மனசு ஆறவில்லை.

மலைவழி:
ஆல்பம் வந்தபோது அவருக்கு 77 வயது. 22 வயதில் கத்தியதை இன்றும் கத்தச் சொல்வது நியாயமா? அதோடு, இது புதிய மாற்றமும் இல்லை. 1970-இலேயே பிளாண்டும் செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜும் வேல்ஸில் மின்சாரம்கூட இல்லாத ஒரு குடிசையில் போய்த் தங்கிவிட்டு வந்தார்கள். அப்புறம் வந்த செப்பலினின் மூன்றாவது ஆல்பத்தில் பாதி அக்வஸ்டிக்தான், அதாவது எலக்ட்ரிக் கிட்டார் இல்லாத இசை. அடுத்த வருடமே நாட்டுப்புறப் பாடகி சாண்டி டென்னியுடன் மாண்டலின் பின்னணியில் ஒரு பாட்டு. பெண் குரலோடு இணைந்து பாடும் ஆசை அவருக்கு அன்றே இருந்தது.

பழையகேசட்:
சரி, அந்த மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டு எது? 'இமிக்ரன்ட் சாங்'. அந்த ஓலத்தைக் கேட்ட பிறகு வரும் அமைதிக்கு ஒரு எடை இருந்தது. புயல் அடித்து ஓய்ந்த பிறகு கேட்கும் அமைதி அது. இங்கே புயலே இல்லை. அதுதான் என் குறை, வயது அல்ல.

தாளக்கட்டை:
நான் டிரம்ஸ் வாசிப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 1971-இல் வந்த செப்பலினின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'வென் த லெவி பிரேக்ஸ்'. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய இங்கிலாந்து வீட்டின் கூடத்தில் செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். வீடே அதிர்வது காதில் விழும். அந்தப் பாட்டின் மூல வடிவம், அமெரிக்க புளூஸ் ஜோடியான மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மக்காயும் 1929-இல் பதிவு செய்தது.

இப்போது புதிய ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு வாருங்கள், 'செவ்ரோலே'. பாடகர் டோனவன் 1960-களில் பாடியது. அதற்கும் முந்தைய வேர் எது தெரியுமா? 1930-இல் அதே மின்னி, அதே ஜோ. அன்று யாருடைய பாட்டை வீடே அதிரப் பாடினாரோ, அதே இருவரிடம் பிளாண்ட் இன்று மெதுவாகத் திரும்பி வந்திருக்கிறார். இதைக் கவனித்த பிறகு என்னால் இதைப் பின்வாங்கல் என்று சொல்ல முடியவில்லை.

பழையகேசட்:
இது எனக்குத் தெரியாது, நன்றி. இன்று இரவே இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மூலத்துக்குத் திரும்புவது நல்லதுதான். போய் என்ன செய்தார் என்பதுதானே முக்கியம்? 1971-இல் அவர்கள் அந்தப் பழைய பாட்டை எடுத்து, முன்பு யாரும் கேட்டிராத ஒன்றாக்கினார்கள். இங்கே மரியாதையாகப் பாடிவிட்டு வந்துவிடுகிறார்.

நடுச்சாமம்:
நான் இரண்டு பக்கமும் இல்லை. எனக்குச் செப்பலின் திரும்பி வரவே வேண்டாம். 2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஓர் இரவு சேர்ந்து வாசித்தார்கள்; உலகமே சுற்றுப்பயணம் கேட்டபோது பிளாண்ட் போகவில்லை. அந்த முடிவுக்காக அவரை இன்றும் மதிக்கிறேன். அதே வருடம் அமெரிக்கப் பாடகி அலிசன் க்ராஸுடன் வந்த 'ரெய்சிங் சாண்ட்' 2009-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. தணிந்த குரலில் என்ன செய்ய முடியும் என்று அப்போதே காட்டிவிட்டார்.

என் வருத்தம் வேறு. 2014-இலும் 2017-இலும் வந்த ஆல்பங்களில் அவரே எழுதிய வரிகள் இருந்தன. மேற்கு ஆப்பிரிக்கச் சாயலும் எலக்ட்ரானிக் தாளமும் கலந்த ஒலி, அதன் மேல் வயதான ஒருவரின் சொந்தப் பேச்சு. 2017-இன் 'கேரி ஃபயர்' கேட்கும்போது இவர் என்னிடம் ஏதோ சொல்கிறார் என்று இருக்கும். இந்த ஆல்பத்தில் அந்தச் சொல் இல்லை. அவர் இப்போது என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கத்த வேண்டாம், எழுதினால் போதும்.

மலைவழி:
இது கனமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்துப் பாடுகிறார் என்பதும் ஒரு பேச்சுதான். லோ என்ற அமெரிக்க இசைக்குழுவின் 2005 ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டை 2010-இலேயே பாடினார். இப்போது அதே ஆல்பத்திலிருந்து மூன்றாவதாக 'எவ்ரிபடிஸ் சாங்'. அந்தக் குழுவின் மிமி பார்க்கர் 2022-இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. இருபது வருடமாக ஒருவர் ஒரே ஆல்பத்தை மனதில் வைத்துக்கொண்டு திரிகிறார் என்றால், அது அவர் சொந்தச் சொல் ஆகிவிடாதா?

நடுச்சாமம்:
நெருங்கி வருகிறது, ஆனால் ஆகாது. லோ எழுதியது லோவின் துக்கம்.

தாளக்கட்டை:
இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பதிவுகள் 2019-இல் தொடங்கி 2025 வரை நீண்டவை. பெரிய பெயர்கள் யாரும் இல்லாத குழு. டிரம்ஸ் வாசிக்கும் ஓலி ஜெஃபர்சன் எங்கும் அடித்து நிரப்புவதில்லை, இடம் விட்டு வாசிக்கிறார். அப்படி அடக்கி வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழையகேசட்:
கேட்டுவிட்டு வந்தேன். 1929, 1971, 1930, கடைசியாகப் புதியது, இந்த வரிசையில். 'செவ்ரோலே' விஷயத்தில் தாளக்கட்டை சொன்னது சரி. மின்னியும் ஜோவும் மாறி மாறிப் பாடும் அந்தப் பேச்சு வாக்கு, பிளாண்டும் சூசியும் பாடும்போது அப்படியே வருகிறது. செப்பலினின் 'லெவி' பாட்டில் ஜோடிக் குரலே இல்லை, பிளாண்டின் குரல் மட்டும்தான்.

ஆல்பம் முழுவதற்கும் இதைச் சொல்ல மாட்டேன். கடைசிப் பாட்டு 'காஸ்பல் பிளவ்' முடியும்போதும் எனக்கு இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருப்பது போலவே இருக்கிறது.