கப்பல் ஹைட்ராலிக் வேலைக்கு ஜேசிபி அனுபவம் போதுமா?

கப்பலூர்க்காரன்:
பதினோரு வருடமாக ஜேசிபி, டிப்பர் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகங்கள்) பழுது பார்க்கிறேன் (ஊர்ப் பெயரில்தான் கப்பல், நிஜக் கப்பலைத் தூத்துக்குடியில் தூரத்தில் பார்த்ததோடு சரி). விசாகப்பட்டினத்தில் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்க ஒரு ஒப்பந்தக்காரர் கூப்பிடுகிறார். நம்ம கை அங்கே செல்லுமா?

மேலூர் ஃபிட்டர்:
செல்லும் அண்ணே. பம்ப், வால்வு, சிலிண்டர் எல்லாம் அதே வேலைதான், எதிரி மட்டும் வேறு: இங்கே புழுதி, அங்கே உப்புத்தண்ணீர். சிலிண்டர் ராடின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு அரிப்பு விழுந்தாலே புதிதாகப் போட்ட சீல்கூட (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) கிழிந்துவிடும், அப்புறம் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஃபில்டரை மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள், எங்கே நுழைந்தது என்று தேடுங்கள், முதலில் ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலரைப் பாருங்கள்.

திருமங்கலம் பெரியவர்:
தம்பி, அக்குமுலேட்டரில் (வாயுவை அடைத்து எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் கலன்) நைட்ரஜன் மட்டும்தான். ஆக்சிஜனை ஏற்றினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஹோஸ் குழாயில் ஊசித்துளை ஒழுகலைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது, எண்ணெய் தோலுக்குள் பாய்ந்தால் குண்டூசி குத்தின மாதிரிதான் தெரியும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாவிட்டால் விரலே போய்விடும். கைக்குப் பதிலாகக் காகித அட்டையை நீட்டிப் பார்.

கப்பலூர்க்காரன்:
ஐயா, இத்தனை வருடமாகக் கையால்தான் தடவிக்கொண்டிருக்கிறேன்! சரி, இன்றைக்கே அட்டை எடுத்து வைக்கிறேன்.