பாராமெடிக் சேவை: பிட்ஸ்பர்க் ஃப்ரீடம் ஹவுஸ்தான் தொடக்கமா?

குமரன்_தி:
பாராமெடிக் (டாக்டர் இல்லாவிட்டாலும் பயிற்சி பெற்று, ஆம்புலன்ஸில் வந்து அவசர சிகிச்சை தருபவர்) சேவையின் வரலாறு தேடினால் ஒருவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் 1966 என்கிறார், இன்னொருவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருந்த ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை என்கிறார். எது சரி? மருத்துவம் படிக்காதவர்களுக்கு ஃப்ரீடம் ஹவுஸில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்? நன்றாக நடந்ததை 1975-இல் ஏன் மூடினார்கள்?

செங்காந்தள்:
இரண்டும் வெவ்வேறு, குமரன். பெல்ஃபாஸ்டில் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் அனுப்பியது மாரடைப்புக்கான வண்டி. அதில் டாக்டரும் நர்ஸும் போனார்கள். இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் மட்டுமே சுமார் 70 கிலோ, கார் பேட்டரியில் ஓடியது.

பிட்ஸ்பர்க்கில் அதுவரை போலீஸ் வேன்தான். போலீஸ்காரர் இருவரும் முன்சீட்டில், நோயாளி பின்னால் தனியே. மயங்கியவருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைத்தால் தலையைச் சாய்த்துப் பிடிக்கக்கூட ஆள் கிடையாது. முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் 1966 நவம்பரில் மேடையில் சரிந்தபோதும் போலீஸ் வேன்தான் வந்தது. மற்ற ஊர்களில் பாதி ஆம்புலன்ஸ்களைச் சவ அடக்கம் செய்யும் நிறுவனங்கள் ஓட்டின. ஆளைப் படுக்கவைக்கும் நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது.

டாக்டர் இல்லாமல், அந்தப் பகுதி மக்களே பயிற்சி பெற்று உயர்சிகிச்சை கொடுத்தது என்ற வகையில் 1967-இல் உருவான ஃப்ரீடம் ஹவுஸ் முன்னோடி. அமெரிக்காவின் மயாமி நகரிலும் ஏறக்குறைய அதே காலத்தில் தீயணைப்பு வீரர்களைப் பழக்கினார்கள். அதனால் ‘உலகிலேயே முதல்’ என்று நான் எழுதமாட்டேன்.

மருதன்:
பயிற்சி பற்றி. பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் வேலையற்ற கறுப்பின இளைஞர்கள்தான் சேர்ந்தார்கள். சிலர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள். மயக்கமருந்து நிபுணர் பீட்டர் சஃபார் 300 மணி நேரப் பாடம் வகுத்தார்: உடற்கூறு, முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சு கொடுப்பது), வண்டி ஓட்டுதல். பிறகு ஆஸ்பத்திரிப் பயிற்சி.

அவர்கள் பிற்பாடு தெருவிலேயே செய்த வேலைகளில் கடினமானது நோயாளிக்குக் காற்று கொடுக்க மூச்சுக்குழாயில் டியூப் போடுவது. டியூப் உணவுக்குழாயில் இறங்கிவிட்டால் வயிறுதான் உப்பும், நுரையீரலுக்குக் காற்றே போகாது. கூடுதலாக உள்ளே தள்ளினால் வலது நுரையீரலுக்கு மட்டும் போகும். அதனால் போட்டதும் ஸ்டெதாஸ்கோப்பை முதலில் வயிற்றின் மேல், பிறகு மார்பின் இரு பக்கமும் வைத்துக் கேட்க வேண்டும். வயிற்றில் குமிழிச் சத்தம் கேட்டால் உடனே உருவிவிட்டு, முகமூடியால் காற்று கொடுத்த பிறகே அடுத்த முயற்சி. குலுங்கும் வண்டியில் டியூப் நகர்ந்துவிடும் என்பதால், ஸ்ட்ரெச்சரைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி கேட்பது கட்டாயம்.

முதல் ஆண்டில் மட்டும் 5,868 அழைப்புகள். 4,627 பேரை ஏற்றிச் சென்றார்கள்.

செங்காந்தள்:
மூடியது திறமைக் குறைவால் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அழைப்பு முதலில் போலீசுக்கே போனது; பணம் நகராட்சி ஒப்பந்தத்தை நம்பியிருந்தது. மேயர் பீட் ஃப்ளாஹெர்ட்டி நிர்வாகம் இந்தச் சேவையை நகரம் முழுக்க விரிக்காமல், நகராட்சிக்கென்றே புதிய சேவை தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் 1975 அக்டோபரில் நின்றது. மருத்துவ இயக்குநர் நான்சி கரோலைன் வாதாடித் தம் ஆட்களைப் புதிய சேவையில் சேர்த்தார். ஆனால் அங்கே அனுபவசாலிகளை நோயாளியிடம் விடாமல் எடுபிடி வேலையில் வைத்தார்கள், பலர் வெளியேறினார்கள். அதே கரோலைனிடம்தான் அமெரிக்க மத்திய அரசு, நாடு முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதச் சொன்னது.