ஆக்ஸ் துளை ஒன்று, கைப்பேசி இரண்டு: காரில் தானாக மாறும் சர்க்யூட் அமைப்பது எப்படி?

கேள்வி: அல்சூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பழைய கார் ஒன்றில் வேலைக்குச் சென்று வருகிறேன். அதிலுள்ள ஸ்டீரியோவில் புளூடூத் கிடையாது, 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை ஒன்றுதான் இருக்கிறது. பாட்டுக்காக அதில் ஒரு புளூடூத் ரிசீவரைச் செருகியிருக்கிறேன். மேப் ஓடுவது அலுவலகக் கைப்பேசியில் என்பதால், அதன் குரல் பாட்டுச் சத்தத்தில் காதில் விழுவதில்லை. சில்க் போர்டு சந்திப்பை நெருங்கும்போது மேலே ஏறுவதா, கீழே சர்வீஸ் ரோட்டில் போவதா என்பதைத் தவறவிட்டால் திரும்பி வர வெகு நேரமாகிவிடுகிறது.

மேப் பேசத் தொடங்கியதும் பாட்டு நின்று குரல் மட்டும் ஒலிக்க வேண்டும். பேசி முடித்ததும் பாட்டு தானாகத் தொடர வேண்டும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துச் செய்ய முடியுமா? சாலிடர் செய்யத் தெரியும். சர்க்யூட் வடிவமைத்துப் பழக்கமில்லை.

மறுமொழி: ஈயப்பற்று

முடியும். குரல் வருகிறதா என்று கண்டுபிடிக்க எல்எம்358 ஐ.சி. ஒன்றே போதும். அதனுள் இருக்கும் இரண்டு ஆப்-ஆம்ப்களில் (சிக்னல் பெருக்கிகள்) முதலாவது, 1 கிலோஓம், 100 கிலோஓம் ரெசிஸ்டர்களின் உதவியால் மேப் குரலை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கும். அந்த ஒலி 1என்4148 டயோடு வழியாகச் சென்று 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் சேரும். இரண்டாவது ஆப்-ஆம்ப், கெப்பாசிட்டரின் வோல்டேஜை ஒரு பிரீசெட்டில் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) நீங்கள் வைத்த அளவோடு ஒப்பிட்டு, அதைத் தாண்டியதும் பிசி547 டிரான்சிஸ்டர் மூலம் ரிலேயை இழுக்கும், அதாவது இயக்கும். கெப்பாசிட்டருக்கு இணையாக 220 கிலோஓம் வைத்தால் அது வடிய இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ரிலே விழுந்து எழாது.

கார் ஹார்னுக்குப் போடும் பெரிய ரிலே இதற்கு ஆகாது. மிகச் சிறிய ஆடியோ மின்னோட்டத்தில் அதன் காண்டாக்ட்கள் நாளடைவில் சரியாகத் தொடாமல் போகும். ஓம்ரான் ஜி5வி-2 போன்ற சிக்னல் ரிலே வாங்குங்கள். அதன் 12 வோல்ட் காயில் (கம்பிச்சுருள்) சுமார் 42 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு கட்டாயம் வேண்டும்.

மறுமொழி: மின்னோட்டம்

குரலைக் கண்டுபிடிக்க ஈயப்பற்று சொன்ன டிடெக்டர் சரியானது. ஆனால் ரிலேயால் பாட்டைத் துண்டித்துக் குரலை இணைக்கும் முறையை நான் ஏற்கமாட்டேன். குரல் வந்த பிறகுதான் டிடெக்டர் விழித்துக்கொள்கிறது. கெப்பாசிட்டர் நிரம்பி ரிலே இழுப்பதற்குள் முதல் அசை போய்விடும். "இடதுபுறம்" என்பதே முதல் சொல்லாக இருந்து அது அறுபட்டால், "திரும்பவும்" என்பதை மட்டும் கேட்டு என்ன செய்வது?

எனவே குரல் எப்போதும் ஸ்டீரியோவோடு இணைந்தே இருக்கட்டும். பாட்டை மட்டும் தாழ்த்துங்கள். பாட்டின் இட, வல வயர்கள் ஒவ்வொன்றிலும் முதலில் 4.7 கிலோஓம், அடுத்து 10 கிலோஓம் தொடராக வைத்து ஆக்ஸ் பிளக்குக்குக் கொண்டுபோங்கள். மேப் குரலை இரண்டு தனித்தனி 10 கிலோஓம் வழியாக அதே இரு முனைகளிலும் சேருங்கள். ரிலேயின் இரு காண்டாக்ட்களும், 4.7-க்கும் 10-க்கும் நடுவிலுள்ள புள்ளியை 1 கிலோஓம் வழியாக எர்த்தோடு இணைக்கட்டும். ரிலே இழுத்ததும் பாட்டு ஏறத்தாழ 14 டெசிபல் இறங்கும், அதாவது ஐந்தில் ஒரு பங்காகும். குரலின் அளவு பெரிதாக மாறாது. ரிலே கால் விநாடி தாமதித்தாலும் ஒரு சொல்லும் காணாமல் போகாது. பாட்டு அறுந்து அறுந்து ஒலிப்பதைவிட இது காதுக்கும் இதமானது.

அல்சூர்வாசி

மிக்க நன்றி, ஐயா. முதல் சொல் அறுபடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ரிலேக்குப் பதிலாக சிடி4053 என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் ஐ.சி. பயன்படுத்தலாமா?

மறுமொழி: மின்னோட்டம்

பயன்படுத்தலாம். ஆனால் ஆடியோ சிக்னல் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இறங்கும். ஒற்றை சப்ளையில் ஓடும் 4053 அதை வெட்டிவிடும். ஒவ்வொரு வழியையும் பாதி வோல்டேஜுக்கு உயர்த்தி, இரு பக்கமும் கப்ளிங் கெப்பாசிட்டர் (டி.சி.யைத் தடுத்து ஒலியை மட்டும் விடுவது) வைக்க வேண்டியிருக்கும். முதன்முறை செய்கிறவருக்கு ரிலேயே நல்லது.

மறுமொழி: பேட்டைத்தெரு

சர்க்யூட் மேசைமேல் சரியாக ஓடும். காரில் வைத்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடுகிற ஒரு கீச்சொலி வரக்கூடும். கைப்பேசியைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். கீச்சொலி நின்றுவிட்டால், சார்ஜரின் எர்த்தும் ஸ்டீரியோவின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி, காரின் ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டரின் இரைச்சலை உள்ளே இழுக்கின்றன என்று பொருள். அந்த வளையத்தை அறுக்க, மேப் குரல் வரும் வயரில் 600-க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள். சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் அடித்தொனியைக் குறைத்துவிடும் என்பதால் பாட்டு வயரில் அதை வைக்க எனக்கு மனம் வராது. பேச்சுக்கு அதனால் குறையொன்றும் இல்லை. புளூடூத் ரிசீவரின் எர்த்தையும் உங்கள் போர்டின் எர்த்தையும் ஸ்டீரியோவின் எர்த் வயரிலேயே ஒரே இடத்தில் சேருங்கள்.

சப்ளையைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏ.சி.சி. வயரிலிருந்து எடுங்கள், எடுக்கும் இடத்திலேயே அரை ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், அவ்வப்போது அதைவிடப் பெரிய ஸ்பைக்கும் வரும் என்பதால், 1என்4007 டயோடும் ஸ்பைக்கை அடக்கும் டிவிஎஸ் டயோடும் போட்ட பிறகே 7809 ரெகுலேட்டருக்கும் எல்எம்358-க்கும் கொடுங்கள். ரிலே காயிலை மட்டும் ரெகுலேட்டருக்கு முன்பிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இவை எல்லாமே பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பொருள்கள்தாம். பிரீசெட்டை எஞ்சின் ஓடும் நிலையில், மேப் கைப்பேசியின் ஒலியை முழுதாக வைத்துச் சரிசெய்யுங்கள். மேப் பேசாதபோது ரிலே இழுத்தால் இன்னும் சற்று ஏற்றுங்கள்.