கொத்தனார் வேலை கற்க: பயிற்சி நிலையமா, நேரடியாகச் சித்தாள் வேலையா?

கேள்வி: புதுக்கரணை

வணக்கம். எனக்கு வயது 23. கிடங்கு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தேன். கைத்தொழில் ஒன்றைக் கற்றே தீர வேண்டும் என்ற முடிவோடு, கடந்த மாதம் கட்டட வேலையில் சித்தாளாகச் சேர்ந்திருக்கிறேன். கல் சுமப்பது, மணல் சலிப்பது, கலவை எடுத்துக் கொடுப்பது என்று நாள் ஓடுகிறதே தவிர, கலவை பூசும் கரணையைத் தொட இன்னும் யாரும் விடவில்லை. இப்படியே இருந்தால் தொழில் கைக்கு வருமா, அல்லது பயிற்சி நிலையத்தில் முறையாகப் படித்துவிட்டு வருவது நல்லதா? தனியாக வேலை ஏற்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை எதை வைத்து அறிவது?

பதில்: மூலைமட்டம்

தம்பி, 19 ஆண்டுகளாகக் கரணை பிடிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கலவை எடுத்துக் கொடுக்கும் இந்த மாதங்களை வீண் என்று எண்ணாதீர்கள். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல் என்று சட்டிக் கணக்கில் கலக்கிறோம். ஆனால் ஈரமான மணல் உப்பி நிற்கும், கன அளவில் கால் பங்கு வரை கூடுதலாகக் காட்டும். காலையில் ஈர மணலும் மதியத்தில் காய்ந்த மணலும் அதே சட்டிக் கணக்கில் போனால், இரண்டும் ஒரே கலவை அல்ல. சிமென்ட் தண்ணீர் பட்ட அரை மணி நேரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம் என்பதால், கட்டுகிறவரின் வேகத்தைப் பார்த்துத்தான் கலவை போட வேண்டும். இறுகிய கலவையில் மீண்டும் தண்ணீர் விட்டுக் குழைத்தால் பார்வைக்குப் புதிதாகத் தெரியும், வலு இருக்காது. இவற்றையெல்லாம் சித்தாளாக இருக்கும்போதே கண்ணும் கையும் அறிந்துகொள்கின்றன.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் விடை ஒன்றே: மூலை. நேர்ச்சுவரில் கயிற்றைப் பார்த்துக் கல் அடுக்கச் சில மாதங்களில் யாரும் பழகிவிடலாம். அந்தக் கயிறு கட்டப்படுவதே இரண்டு மூலைகளை நம்பித்தான். மூலைகளை முதலில் எழுப்பி, அவற்றுக்கிடையே கயிறு இழுத்து, நடுவை நிரப்புகிறோம். ஆகவே மூலை நூலளவு பிசகினாலும் அந்தப் பிசகு ஒவ்வொரு வரிசைக்கும் போய்ச் சேரும். நான் தனியாக எழுப்பிய முதல் மூலை நான்கடி உயரத்தில் ஒரு விரற்கடை வெளியே சாய்ந்திருந்தது. காரணம், கீழே விழுந்து கெட்டுப்போன ரசமட்டத்தை, அதாவது மட்டத்தைக் குமிழியால் காட்டும் கருவியை, நான் சோதிக்காமல் நம்பியதுதான். பெரிய கொத்தனார் ஒரு சொல்லும் திட்டாமல், நூலில் கட்டிய எடையான தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். மாலைக்குள் அத்தனை கல்லையும் நானே பிரித்தேன்.

அன்றிலிருந்து காலையில் முதல் வேலையாக ரசமட்டத்தை ஒரு பரப்பில் வைத்துக் குமிழியைப் பார்ப்பேன்; பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைப்பேன். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அதைக் கையில் எடுப்பேன். நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் குமிழிக்கும் இதே சோதனை உண்டு. தூக்குக்குண்டிலும் ஒரு நுட்பம் உள்ளது: நூலில் ஓடும் கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் சமமாக இருக்கும். கட்டையைச் சுவரின் மேற்பகுதியில் ஒட்டிப் பிடித்தால், கீழே குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். செங்கோணத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து கணக்கு போதும்: ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்தால் குறுக்கே சரியாக ஐந்தடி வர வேண்டும். உங்களிடம் ஒருவர் மூலையைக் கொடுத்துவிட்டு அடுத்த பக்கம் நிம்மதியாகப் போகிறார் என்றால், நீங்கள் கொத்தனார். எனக்கு அதற்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின.

பதில்: வரைபடக்காரர்

மேலே சொன்னவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பயிற்சி நிலையத்தை ஒதுக்கிவிட வேண்டாம். நான் முதலில் படித்துவிட்டுப் பிறகு வேலைக்குப் போனவன். வரைபடம் வாசிப்பதையும் அளவுக் கணக்கையும் வேலையிடத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. கல் 19 சென்டிமீட்டர் நீளம், 9 அகலம், 9 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் கலவையோடு அது 20, 10, 10 ஆகிறது. எனவே ஒரு கன மீட்டர் கட்டுக்கு 500 கல். இந்தக் கணக்கு ஓடாதவர், பிறர் சொல்லும் தொகைக்குத் தலையாட்டியே பல ஆண்டுகளைக் கழிக்க நேரிடும்.

எங்கள் வகுப்பில் சிமென்ட்டே சேர்க்காமல், மணலும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டச் சொல்வார்கள். கட்டியதைப் பிரித்துக் கல்லைத் துடைத்துவிட்டு மறுநாள் மீண்டும் கட்டலாம். இதை நீங்களும் ஓய்வு நாளில் செய்யலாம். நான்கடி நீளத்தில் ஆறு வரிசை எழுப்புங்கள். ஒரு வரிசையில் கல்லின் நீளப் பக்கம் முகப்பில் தெரியட்டும், அடுத்ததில் அகலப் பக்கம் தெரியட்டும். மேல் இணைப்பு கீழ் இணைப்பின் நேர்மேலே வந்துவிடாமல் இருக்க, மூலைக் கல்லை அடுத்து நீளவாக்கில் வெட்டிய அரைக்கல்லை வைத்துப் பழகுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். என் யோசனை, ஆறு மாதம் வேலையிடம், அதன்பின் பகுதி நேரப் பயிற்சி. கலவையைத் தொட்டுப் பார்த்தவருக்கு வகுப்பில் சொல்வது உடனே பிடிபடும்.

பதில்: செங்கல்வரிசை

நான் ஒரு பெண். ஆறு ஆண்டுகள் சித்தாளாகவே வைக்கப்பட்டிருந்தவள். கரணை வேண்டும் என்று வாயால் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைத்தது. பிறகு, மாலையில் எல்லோரும் கருவிகளைக் கழுவும் நேரத்தில், அன்று கட்டிய சுவரின் இணைப்புகளைப் பூச்சுப் பிடிப்பதற்காகச் சுரண்டிவிடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். அதை ஒழுங்காகச் செய்ததைப் பார்த்தவர்கள் அடுத்து மறைவிடச் சுவர்களில் பூச்சு கொடுத்தார்கள். பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டை கைக்கு வந்தது அப்படித்தான். பெரிய வேலையைக் கேட்பதைவிட, யாரும் விரும்பாத சிறு வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

உடம்பையும் கவனியுங்கள், தம்பி. ஈரச் சிமென்ட் கடுமையான காரம். முழங்கால் துணி நனைந்தபடி மணிக்கணக்கில் வேலை செய்தால், வலி தெரிவதற்கு முன்பே தோல் வெந்துவிடும். கல் வெட்டும் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் 45 வயதில் மாடிப்படி ஏற முடியாமல் தொழிலை விட்டார்.

கேள்வியாளர்: புதுக்கரணை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை மாலை இணைப்பு சுரண்டும் வேலையைக் கேட்கப்போகிறேன். சொந்தமாக முதலில் என்ன கருவி வாங்கலாம்?

பதில்: மூலைமட்டம்

கரணையும் தூக்குக்குண்டும் போதும். கரணையை வாங்கும் முன் கையில் பிடித்துப் பாருங்கள். கலவை அள்ளியபின் முனை கீழே சாயாமல் மணிக்கட்டுக்கு இணங்கி நிற்க வேண்டும். ரசமட்டம் வாங்கும்போது கடையிலேயே திருப்பி வைத்துச் சோதியுங்கள்.