மறு: அமெரிக்கத் தென்மாநில கிரேவிக்கு தமிழ்ச்சொல்

> மாவு போட்டு கெட்டியாக்குறதால மாவுக்குழம்புன்னே வச்சிடலாமே

வணக்கம் ஐயா. மாவுக்குழம்பு சாமில் கிரேவிக்கு சரியா வரும், அதோட நின்னுடும். பன்றி சாசேஜ உதிர்த்து இரும்பு வாணலியில வதக்கி, இறங்கின கொழுப்பு ரெண்டு டேபிள்ஸ்பூன்னா அதே அளவு மைதா தூவி, பச்சை வாசம் போக கிண்டி, ஒரு கப் பால கொஞ்சங்கொஞ்சமா விட்டு, மிளகுத்தூள் தாராளமா போட்டு, கெட்டியானதும் சுடச்சுட பிஸ்கட் மேல ஊத்துறாங்க, அங்க அது காலை சாப்பாடு. பிஸ்கட்னா டீக்கடை பிஸ்கட் இல்ல, மோர் விட்டு பிசைஞ்சு சுட்ட மெத்துன்னு ஒரு ரொட்டி.

ஆனா ரெட் ஐ கிரேவின்னு ஒண்ணு இருக்கே, உப்புல பதப்படுத்தின ஹாம் (பன்றித்தொடைக் கறி) வறுத்த வாணலியில கறுப்புக் காபிய ஊத்தி அடியில ஒட்டினத சுரண்டி எடுக்குறது, மாவே கிடையாது, தண்ணியாத்தான் இருக்கும். கிரிட்ஸ்ங்கிற மக்காச்சோளக் கஞ்சியோட சாப்பிடுவாங்க. அதுவும் கிரேவிதான். அப்போ பொது அம்சம் மாவு இல்ல, சட்டியில மிஞ்சின கொழுப்பும் அடிப்பிடிச்சதும்தான். எங்க வீட்ல கறி வறுத்த சட்டியில சோத்தப் போட்டுப் பிரட்டி அம்மா ஆளுக்கொரு உருண்டை குடுப்பாங்க, அந்த ருசி கறித்துண்டுல கூட இருக்காது. அதே சூட்சுமம்.

முதல்ல நிணக்குழம்புன்னு எழுதி வச்சிருந்தேன், நிணம்னா கொழுப்பு, அழகான பழைய சொல், ஆனா பாடப்புத்தகத்துல நிணநீர் படிச்ச பிள்ளைங்களுக்கு சாப்பாடா ஞாபகம் வரும்? அதனால என் பரிந்துரை "சட்டிச்சாறு".

கொழுப்புல மாவ வதக்கி கெட்டியாக்க வச்சிருக்குற கலவைக்கு ரூன்னு (roux) பேரு, அதுக்கும் தனிச்சொல் வேணும். மாவுக்கரைசல் தப்பு, அது குழம்பு கெட்டியாக நாம அரிசிமாவ தண்ணியில கரைச்சு விடுறது. ரூவுல மாவு கொழுப்புலயே வேகுது, துகள் ஒவ்வொண்ணையும் கொழுப்பு சுத்திக்கறதால பால் விட்டா கட்டி தட்டாது. "தாளிமாவு" எப்படி? ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. லூசியானா மாநிலத்துல கம்போன்னு (gumbo) ஒரு குழம்பு, அதுக்கு நல்லா கருக்க வறுப்பாங்க, அத கருந்தாளிமாவுன்னு பிரிக்கலாம், நிறம் ஏற ஏற கெட்டியாக்குற சக்தி குறையும்.

---

> என் பரிந்துரை "சட்டிச்சாறு"

தாளிமாவு அருமைங்க, கேட்டதுமே செய்முறை புரியுது. சட்டிச்சாறுதான் இடிக்குது. எங்க பக்கம் சாறுன்னா ரசம், பால் விட்ட கிரேவி கரண்டியில ஒட்டுற பதம்.

---

சரிதாங்க. ரெட் ஐக்கு மட்டும் சட்டிச்சாறு, மாவு சேர்ந்ததுக்கு "தாளிமாவுக் குழம்பு"ன்னு பிரிச்சுக்கலாம். ரெண்டுக்கும் பொதுவா ஒரு சொல் இன்னும் கிடைக்கல, அதுவரைக்கும் நம்ம சொற்பட்டியல்ல கிரேவின்னே இருக்கட்டும். தாளிமாவ மட்டும் இன்னைக்கே சேர்த்துடுறேன்.